ஹெர்பீஸ் கொப்புளமா? முதல் மூன்று நாளை வீணாக்காதீர்கள்: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிறப்புறுப்பிலோ உதட்டிலோ கொப்புளம் வந்து, அது ஹெர்பீஸ் என்று புதிதாகக் கேள்விப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருகோணமலையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். இந்த வருத்தத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள்: "புண்ணுக்குப் பூச ஏதாவது தாங்கோ." எங்கே புண் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு டியூப் வாங்கிப் பூசிப் பார்ப்பதில் நாலைந்து நாள் போய்விடும். குளிசை நன்றாக வேலை செய்யக்கூடிய நாட்களும் அவைதான்.

ஹெர்பீஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள், வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்வதைத்தான் தடுக்கின்றன. வைரஸ் இருக்கும் செல்லுக்குள் போன பிறகே இந்த மருந்துக்கு உயிர் வரும், அதனால் மற்ற செல்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் பெருகி முடிந்த வைரஸை அது ஒன்றும் செய்யாது. கொப்புளம் உடைந்து, காய்ந்து, பக்குக் கட்டத் தொடங்கிய பிறகு குளிசை போட்டால் பலன் குறைவு. முதல் தடவை என்றால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது. திரும்ப வரும்போது முதல் நாளே தொடங்க வேண்டும். முதல் தடவையில் மூன்று நாள் தாண்டிவிட்டாலும், புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால் வைத்தியர் மருந்து தருவார், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வைரஸை உடம்பிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து இன்று இல்லை. அது நரம்பு முடிச்சுக்குள் போய்த் தூங்கும், சில வேளை எழும்பும். நோவைக் குறைக்கலாம், நாட்களைக் குறைக்கலாம், திரும்ப வருவதைக் குறைக்கலாம், அடுத்தவருக்குத் தொற்றுவதையும் குறைக்கலாம். இந்த நான்கும் நல்ல விஷயங்கள். "மூன்று மாதத்தில் முழுதாகக் குணமாக்குவோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலில்: எது என்று பிரித்துப் பாருங்கள்

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயிலும் வரும், பிறப்புறுப்பிலும் வரலாம். இரண்டாம் வகை பெரும்பாலும் கீழே வரும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 380 கோடிப் பேரிடம் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. ஆகவே இது கெட்ட பழக்கத்தின் அடையாளம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. சின்ன வயதில் பாட்டியோ மாமியோ கொஞ்சியதில் வந்திருக்கலாம்.

அடையாளம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முதலில் ஒரு இடத்தில் ஊசி குத்துவது போல, எரிவது போல, அரிப்பது போல இருக்கும். பிறகு சிவந்த தோலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வரும். அவை உடைந்து நோவெடுக்கும் புண்ணாகி, பக்குக் கட்டி ஆறும். முதல் தடவை என்றால் காய்ச்சல், உடம்பு உளைச்சல், கவட்டில் நெறி கட்டுதல் எல்லாம் சேர்ந்து வரலாம்.

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து நெஞ்சுக்குச் சுற்றிக்கொண்டு பட்டையாக வருவது அக்கி. அது கொப்பளிப்பான் வைரஸ் பல வருடம் கழித்து மீண்டும் எழும்புவதால் வருவது. மருந்து ஒரே பெயரில் இருந்தாலும் அளவு வேறு: அக்கிக்கு வழக்கமாக 800 மில்லிகிராம் நாளுக்கு ஐந்து தடவை, ஏழு நாள். வீட்டில் ஒருவருக்கு அக்கிக்குக் கொடுத்த குளிசையில் மிச்சம் இருக்கிறதே என்று இன்னொருவர் கீழே வந்த கொப்புளத்துக்குப் போட வேண்டாம்.

நோவே இல்லாத, அடிப்பக்கம் கெட்டியான ஒற்றைப் புண் என்றால் அது சிபிலிசாக இருக்கலாம். அதற்கு மருந்து முற்றிலும் வேறு. கண்ணால் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

கண் சிவந்து, நோவெடுத்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருந்தால் உடனே கண் வைத்தியரிடம் போங்கள். ஹெர்பீஸ் கருவிழியில் வந்து பார்வையைக் கெடுக்கும். வீட்டில் கிடக்கும் பழைய கண் சொட்டு மருந்தை விடவே கூடாது. அதில் ஸ்டீராய்ட் இருந்தால் நிலைமை மோசமாகும். கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, பேச்சில் தடுமாற்றம், வலிப்பு, சலம் போகவே முடியாத நிலை ஆகியவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். 1990 க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கர்ப்பிணிகள், புற்றுநோய் மருந்தோ நீண்ட நாள் ஸ்டீராய்டோ எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், பிறந்து சில வாரமே ஆன குழந்தைகள் என்றால் சின்னக் கொப்புளத்துக்கும் அன்றைக்கே போக வேண்டும்.

எங்கே போவது, என்ன சொல்வது

கீழே வந்த புண்ணுக்குச் சரியான இடம் பாலியல் நோய்க் கிளினிக். தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க இந்தக் கிளினிக்குகள் நடக்கின்றன. இங்கே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையோடு சேர்ந்தது இருக்கிறது. கட்டணம் இல்லை, வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, விவரங்களை இரகசியமாக வைத்திருப்பார்கள். கிளினிக் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். கிளினிக் இல்லாத நாளாக இருந்தால் வெளிநோயாளர் பிரிவுக்கோ குடும்ப வைத்தியரிடமோ போய் மருந்தைத் தொடங்கிவிட்டு, பரிசோதனைக்கு அப்புறம் கிளினிக்குக்குப் போகலாம். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையிலேயே முதல் மருந்தைக் கேட்கலாம். பஸ்ஸுக்காக ஒரு நாளை இழக்க வேண்டாம்.

ஊரில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. சின்ன நகரம், வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கலாம். மனம் ஒப்பவில்லை என்றால் மட்டக்களப்புக்கோ கொழும்பு 10 இல் டி சேரம் பிளேஸில் உள்ள மத்திய கிளினிக்குக்கோ போகலாம். ஆனால் போகும் நாள் வரை மருந்தில்லாமல் இருக்காதீர்கள்.

என்ன சொல்வது என்று திணறுபவர்கள் இப்படியே சொல்லுங்கள்: "டொக்டர், ரெண்டு நாளா கீழ கொப்புளம் இருக்கு, சலம் போகக்குள்ள எரியுது, இதுக்கு முந்தி வந்ததில்ல." இவ்வளவு போதும். வாய் வரவில்லை என்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். எப்போது தொடங்கியது, முன்பு வந்ததா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், சிறுநீரகத்தில் பிரச்சினை உண்டா, கர்ப்பமா என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். பெண்கள் பெண் வைத்தியரையோ தாதியையோ உடன் இருக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பல வேளை வைத்தியர் பார்த்தே சொல்லிவிடுவார். உறுதிப்படுத்த வேண்டுமானால் புதிய கொப்புளத்தின் நீரைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சோதிப்பார்கள். காய்ந்த புண்ணில் வைரஸ் கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் போவதற்கு இது இன்னொரு காரணம். தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்துச் செய்யும் ஹெர்பீஸ் இரத்தப் பரிசோதனை எங்கே புண், எப்போது தொற்றியது என்று சொல்லாது. அதில் ஐ.ஜி.எம். என்ற வகை குழப்பத்தைத்தான் தரும். வைத்தியர் சொல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். ஆனால் சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம் எடுக்கக் கேட்டால் மறுக்காமல் சம்மதியுங்கள். உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பிறப்புறுப்பில் புண்ணோடு வரும் எல்லாரிடமும் கேட்பார்கள்.

குளிசை

மூன்று மருந்துகள் உண்டு: அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர். அசைக்ளோவிர் 1980களின் தொடக்கத்திலிருந்து பாவனையில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை வருடப் பாவனையில் பாதுகாப்பு நன்றாகத் தெரிந்த மருந்து இது. விலையும் குறைவு.

பிறப்புறுப்பில் முதல் தடவை வந்தால் வழக்கமான அளவு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை, 7 முதல் 10 நாள். வாலசைக்ளோவிர் என்றால் 1 கிராம் நாளுக்கு இரண்டு தடவை, அதே நாட்கள். துண்டில் வைத்தியர் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படியே போடுங்கள். இரண்டாம் நாளே நோ குறைந்தாலும் எழுதிய நாள் முழுக்கப் போட்டு முடியுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். சிலருக்குத் தலையிடியும் ஓங்காளமும் வரும், பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலுக்குப் போகிறவர்களும் வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கிறவர்களும் வியர்த்து வறண்டு போயிருப்பார்கள். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையும் குறைப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதி. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், முக்கியமாக வட மத்திய மாகாணத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள், அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைத்துத்தான் தருவார்கள்.

நோன்பு காலத்தில் நாளுக்கு மூன்று, ஐந்து தடவைக் குளிசை எப்படிப் போடுவது என்று கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இரண்டு தடவை மட்டும் போடும் வாலசைக்ளோவிரை சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் பொருத்தலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களும் அப்படித்தான். ஆனால் காய்ச்சலோடு முதல் தடவை வந்திருக்கிறது, தண்ணீரும் குடிக்க முடியாது என்றால் அந்த நாட்களில் விரதத்தை விட்டுப் பிறகு பிடிப்பதே உடம்புக்கு நல்லது.

நோவையும் எரிச்சலையும் தணிக்க

மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை ஓரிரு நாள் பாடுதான். அந்த நாட்களைக் கடக்க வீட்டிலேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

சலம் போகும்போது எரிவதுதான் பலரை அழ வைப்பது. பயந்து அடக்கி வைக்காதீர்கள், அடக்கினால் சலம் தடித்து இன்னும் எரியும். நிறையக் குடித்தால் சலம் நீர்த்துப் போகும். தண்ணீர், செவ்விளநீர், மோர் எதுவும் சரி. போகும்போதே ஒரு கோப்பையால் இளஞ்சூட்டுத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போங்கள். அதுவும் முடியாவிட்டால் அகலமான பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு அதில் உட்கார்ந்தபடி போகலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, வைத்தியர்களே சொல்லிக் கொடுப்பதுதான்.

உப்புத் தண்ணீர்: கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. நாளுக்கு இரண்டு மூன்று தடவை அதனால் மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். கடல் தண்ணீரும் உப்புத்தானே என்று உப்புவெளியிலோ டச் குடாவிலோ போய் இறங்க வேண்டாம். திறந்த புண்ணில் வேறு கிருமி சேரும்.

லிக்னொகெய்ன் ஜெல்லை வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். கழிவறைக்குப் போவதற்கு ஐந்து நிமிடம் முன் மெல்லியதாகப் பூசினால் இடம் மரத்துப் போகும். கழுவிக் காய்ந்த பிறகு வாஸ்லின் ஒரு மெல்லிய பூச்சு, துணி உரசாமல் காக்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம், நேரடியாகத் தோலில் வேண்டாம். ஆண்கள் வீட்டில் சாறத்தோடும் பெண்கள் தளர்ந்த பருத்தி உடையோடும் இருங்கள். இந்த வெயிலில் ஜீன்ஸ் புண்ணை ஆறவே விடாது.

நோவுக்கும் காய்ச்சலுக்கும் பனடோல். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. இபுபுரூஃபன், டிக்லோஃபெனாக், அஸ்பிரின் வேண்டாம். மாரி மழைக்குப் பிறகு நம் பக்கத்தில் டெங்கு வரும் காலத்தில், காய்ச்சல் ஹெர்பீஸால்தான் என்று நினைத்திருக்கையில் டெங்குவும் சேர்ந்திருக்கலாம். அப்போது இந்த மருந்துகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

பூசக் கூடாதவை

பெட்னோவேட் போன்ற ஸ்டீராய்ட் பூச்சுகள் முதலில். பூசினால் சிவப்பு அடங்குவது போல இருக்கும், உள்ளே வைரஸுக்கு வழி திறந்துவிடும். பங்கசுக்கு விற்கும் பல கலவைக் கிறீம்களிலும் ஸ்டீராய்ட் இருக்கும், ஆகவே பெட்டியைக் காட்டிக் கேளுங்கள். கேட்டதும் ஒரு டியூபை எடுத்து நீட்டும் கடைகள் இருப்பது என் தொழிலில் எனக்குள்ள பெரிய மனவருத்தம். எங்கே புண் என்று உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கடையை நம்புங்கள்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது, பற்பசை, டெட்டோல், எலுமிச்சம்புளி எல்லாம் புண்ணை எரித்து ஆறுவதைத் தள்ளிப்போடும். கொப்பளிப்பானுக்கு வேப்பிலைப் படுக்கை போடுவது அம்மனுக்குரிய மரியாதை, அதை நான் மறுக்கவில்லை. திறந்த புண்ணுக்குள் எதையும் அரைத்து வைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். தோல் வருத்தத்துக்கு நல்லது என்று கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அனுப்புவார்கள். ஏழு கிணறுகளிலும் பலர் குளிக்கும் இடம் அது, புண் முழுதாக ஆறிய பிறகு போங்கள்.

அசைக்ளோவிர் கிறீம் உதட்டுக்குக் கொஞ்சம் உதவும், கீழே வந்ததற்குப் பெரிய பலன் இல்லை. குளிசைக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

திரும்ப வந்தால்

பலருக்குத் திரும்ப வரும், முக்கியமாக இரண்டாம் வகை முதல் வருடத்தில். ஆனால் முதல் தடவை மாதிரிக் கொடுமையாக இருக்காது. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நாளில் ஆறிவிடும், போகப்போக இடைவெளியும் கூடும். கொப்புளம் வருவதற்கு ஒரு நாள் முன்னரே அந்த இடத்தில் குறுகுறுப்போ தொடையில் இழுவையோ தெரியும். அந்த நேரத்திலேயே குளிசை போட வேண்டும். அதற்கு மருந்து வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே முதல் கிளினிக்கிலேயே, "திரும்ப வந்தால் போட ஒரு முறைக்கான மருந்து எழுதித் தருவீங்களா" என்று கேளுங்கள். வழக்கமாக அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை இரண்டு நாள், அல்லது வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் இரண்டு தடவை மூன்று நாள். லேசாக வந்து போகிறவர்கள் மருந்தே இல்லாமல் உப்புத் தண்ணீரோடு சமாளிப்பதும் தவறில்லை.

வருடத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வந்தாலோ, குறைவாக வந்தாலும் மனதைப் போட்டு அரித்தாலோ, தினமும் போடும் முறை உண்டு: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு தடவை, அல்லது வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு தடவை. அடிக்கடி வருகிறவர்களுக்கு இது 70 முதல் 80 வீதம் வரை குறைக்கும். ஒரு வருடம் போட்டுவிட்டு நிறுத்திப் பார்த்து, தேவையா என்று வைத்தியரோடு பேசலாம்.

உதட்டில் வருகிறவர்களுக்கு வெயில் பெரிய எதிரி. நிலாவெளியில் படகு ஓட்டுகிறவர், மீன்பிடிக்கப் போகிறவர் என்றால் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம் பூசி, அகலத் தொப்பி போடுங்கள். வாலசைக்ளோவிர் 2 கிராம், பன்னிரண்டு மணித்தியாலம் விட்டு இன்னொரு 2 கிராம், ஒரே நாளில் முடியும் மருந்து முறை உதட்டுக்கு உண்டு. குறுகுறுப்புத் தொடங்கியதுமே போட்டால்தான் பலன், அதனால் இதையும் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

கழிவறை இருக்கையால், கிணற்றுத் தண்ணீரால், ஒன்றாகச் சாப்பிடுவதால் கீழே உள்ள ஹெர்பீஸ் பரவாது. தட்டைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. புண்ணைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், துவாயைத் தனியாக வையுங்கள்.

கணவன் மனைவிக்குள் இது வந்தால் சண்டை வெடிக்கிறது. தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: தொற்றி வருடக்கணக்காக ஒரு அடையாளமும் இல்லாமல் இருந்துவிட்டு முதல் கொப்புளம் வரலாம். இன்று புண் வந்ததால் நேற்று துரோகம் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போய் வைத்தியர் வாயால் இதைக் கேட்பது நல்லது. குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து தோல் முழுதாக ஆறும் வரை உடலுறவு வேண்டாம். புண் இல்லாத நாளிலும் வைரஸ் வெளியேறலாம், ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்த ஆண் பெண் இணைகளில் தினமும் வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் எடுத்தபோது தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது.

கர்ப்பமாக இருந்தால் குடும்ப நல மருத்துவமாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அசைக்ளோவிர் கர்ப்ப காலத்தில் நீண்ட நாள் அனுபவம் உள்ள மருந்து. முன்பே இருந்து திரும்ப வருகிறவர்களின் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் முதல் தடவையாக வந்தால்தான் ஆபத்து அதிகம், அப்போது சிசேரியன் செய்யச் சொல்வார்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு 36 ஆம் வாரத்திலிருந்து தினமும் குளிசை தருவார்கள்.

பிறந்த குழந்தைக்கு ஹெர்பீஸ் தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே உதட்டில் கொப்புளம் உள்ளவர் யாராக இருந்தாலும் குழந்தையைக் கொஞ்சக் கூடாது. தாய்க்கே உதட்டில் இருந்தால் முகக்கவசம் போட்டுக் கை கழுவித் தூக்கலாம், மார்பில் புண் இல்லாவிட்டால் பாலும் கொடுக்கலாம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குக் குழந்தை பார்க்க வரும் சொந்தக்காரருக்கு உதட்டில் பக்கு இருந்தால், "மாமி, உதடு காய்ஞ்ச பிறகு தூக்குங்கோ" என்று தாயோ அம்மம்மாவோ தயங்காமல் சொல்ல வேண்டும்.